சித்தப்பா கொண்டுவரும் ஆயில் டப்பா

கண்ணா,

போனில் நீ சிரித்தாய். சிரித்ததோடு நிற்காமல், "அம்மா, இந்த உலகத்துல ஒருத்தர் மேலயாவது உனக்கு நம்பிக்கை இருக்கா?" என்று கேட்டுவிட்டு, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாய். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஊரப்பாக்கத்தில் நீ தனியாக இருக்கும் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை, அதுவும் நான் பேச ஆரம்பித்த நேரம் பார்த்து யார் வந்து கூப்பிடப்போகிறார்கள்? போகட்டும். போனை நீ பாதியில் வைத்தால் மீதிப் பேச்சு என்னோடு போய்விடும். கடிதத்தைப் பாதியில் வைத்தால் மீதி உன் மேஜையிலேயே கிடக்கும். என்றைக்காவது எடுத்துப் படிப்பாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். முழுக்கப் படி.

நீ சொன்னது இதுதான். உன் புதுக் காருக்கு இலவச சர்வீஸ் முடிந்துவிட்டது. இனிமேல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் தீட்டிவிடுவார்கள். சித்தப்பாவிடம் சொன்னாய். "நீ எதுக்குடா அங்க போற, நானே நல்ல ஆயிலா எடுத்துகினு வரேன்" என்று அவர் சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை செங்கல்பட்டிலிருந்து டப்பாவோடு வருகிறார். நான் உடனே, "என்ன ஆயில், எந்த கிரேடு, கார் கம்பெனி ஒத்துக்கொண்டதா, டப்பாவை யார் திறப்பார்கள்" என்று வரிசையாகக் கேட்டேன். அதற்குத்தான் நீ சிரித்தாய். கம்பெனிக்காரன் தன் ஆயிலை விற்பதற்காகத்தான் வாரண்டி போய்விடும் என்று பூச்சாண்டி காட்டுகிறான் என்று எனக்கே பாடம் எடுத்தாய். அந்தச் சந்தேகம் உனக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சந்தேகப்படுகிறவன் ஒரு பக்கம் மட்டும் பார்த்துச் சந்தேகப்படக் கூடாது. கம்பெனிக்காரனைச் சந்தேகப்பட்ட அதே கண்ணால் சித்தப்பாவையும் பார்த்திருக்க வேண்டும். உன்னால் முடியாது. ஏனென்றால் உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். மீதியை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று உன் அப்பா கேட்டுக்கொண்டதால் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரிந்த பாதி, வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற பாதி. உன் தங்கை திவ்யா, சித்தப்பாவின் மகள், பிறந்த கதை. சித்திக்கு வலி எடுத்து நான் காரில் கூட்டிப்போனபோது வழியில் கார் நின்றுபோனதும், மீன் வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனதும். நீ அப்போது திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோது சித்தப்பாவே கையை ஆட்டி ஆட்டி அந்தக் கதையைச் சொன்னார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சமையலறைக்குப் போய்விட்டேன் என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். அந்தக் கார் ஏன் நின்றது என்று நீயும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

அந்த வெள்ளைக் காரை நாங்கள் வாங்கியது உனக்கு நினைவிருக்கும். ஈசிஆர் சாலை அகலமாகிப் பளபளவென்று ஆன சமயம். உன் அப்பாவுக்குக் கண் குறுகிக்கொண்டே வந்தது. நேரே பார்ப்பது தெரியும், பக்கத்தில் வருவது தெரியாது, பொழுது சாய்ந்தால் ஒன்றுமே தெரியாது. ஆபீசில் டிராயிங் செக்‌ஷனில் இருந்த மனிதருக்கு அது எப்படிப்பட்ட அடி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் வந்து எனக்கு அலுத்துப்போனது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அப்போது கார் ஓட்டிய பெண்கள் மிகக் குறைவு. ஸ்கூலில் கெமிஸ்ட்ரி டீச்சர் கார் ஓட்டுகிறாள் என்று பிள்ளைகள் கேட் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கார் வந்த அன்றே அதோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். எந்த கிரேடு ஆயில் போட வேண்டும், எங்கே சர்வீஸ் செய்ய வேண்டும், எதைச் செய்தால் வாரண்டி போகும் என்பதெல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. ஒரு விஷயத்தைப் பொடி எழுத்தில் போடுகிறார்கள் என்றால் நீ படிக்கக் கூடாது என்று நினைக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் சர்வீஸ் சென்டரை நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. ஜிஎஸ்டி ரோட்டில் இருந்த அந்த இடத்தில் கஸ்டமரை ஏசி அறையில் உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். வண்டியை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதனால் முதல் சர்வீசுக்கு முன்னால், ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வாங்கிய நகப்பூச்சை எடுத்து, ஆயில் ஃபில்டரின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். சர்வீஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். புள்ளி இல்லை. புது ஃபில்டர்தான் போட்டிருந்தார்கள். உன் அப்பா, "இப்பவாவது திருப்தியா?" என்றார். துடைத்திருப்பார்களோ என்று எனக்கு இரண்டு நாள் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் உன் சித்தப்பாவுக்கு என்மேல் வருத்தம். செங்கல்பட்டுப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சொந்தமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற கொழுந்தன் இருக்கும்போது, அண்ணி ஒரு பல்பு கூட அவர் கடையில் வாங்குவதில்லை என்று சொந்தக்காரர்கள் மத்தியில் பேச்சு. உனக்குச் சித்தப்பாவைத் தெரியும். வாய் நிறையப் பேசுவார், கை நிறைய வாங்கிக்கொண்டு வருவார், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் கோட்டை முழுக்கச் சுற்றியவர். கெட்ட மனிதர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் குறைந்த விலைக்கு எப்படி ஒருத்தரால் கொடுக்க முடிகிறது என்ற கேள்வி எனக்கு எப்போதும் இருந்தது. பொங்கலுக்கு வந்தவர் கேட்டார். "இன்னா அண்ணி, உன் வண்டிக்கு ஆயில் மாத்தணும்னா இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போற? பொஸ்தகத்துல இன்னா நம்பர் போட்டுகீதோ அதே நம்பர், அதே கம்பெனி டப்பா, சீல் ஒடைக்காம எடுத்தாறேன். வாரண்டிக்காரன் ஒண்ணும் கேக்க முடியாது."

"கடைக்குக் கடை விலை எப்படித் தம்பி இவ்வளவு வித்தியாசம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"மொத்தமா எடுக்கறோம் இல்ல?" என்றார். சொல்லிவிட்டு உடனே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பாவுக்கு அது தாங்கவில்லை. கண் மங்க மங்க, பிறரைச் சார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு அவரை அரித்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு விஷயத்தையாவது நானே முடிக்கிறேன் என்று நினைத்தாரோ, தம்பியின் மனதைத் தேற்ற நினைத்தாரோ, நான் ஸ்கூலில் இருந்த ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தம்பியை வரச்சொல்லிவிட்டார். சித்தப்பா ஒரு மெக்கானிக்கோடு பைக்கில் வந்து, குவார்ட்டர்ஸ் வாசல் வேப்பமரத்தடியில் வைத்தே ஆயில் மாற்றிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் நான் வந்தபோது உன் அப்பா குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றார். டப்பாவையும் காட்டினார். போட்டது போக அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

டப்பா கம்பெனி டப்பாதான். பேரும் நம்பரும் புத்தகத்தில் இருந்தபடியே. ஆனால் மூடியின் அடியில் ஒட்டியிருந்த அலுமினியத் தாளைப் பார்த்தேன். ஒரு பக்கம் பசை தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருந்தது. மெஷின் ஒட்டினால் அப்படி இருக்காது. மோந்து பார்த்தேன். புது ஆயிலில் இருக்கக் கூடாத ஒரு தீய்ந்த வாடை. "உங்க தம்பி கொடுத்ததில் ஏதோ சரியில்லை" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. "உனக்கு என் வூட்டு ஆளுங்கன்னாலே ஆவாது" என்றார். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு ஒரு வாரம் எங்களுக்குள் பேச்சு குறைவு. காரை நானும் எடுக்கவில்லை. ஸ்கூலுக்கு நடந்துதான் போனேன்.

ஒரு சனிக்கிழமை, அரை நாள் ஸ்கூல் முடிந்ததும், டப்பாவில் மிச்சமிருந்ததைப் பாட்டிலில் ஊற்றி லேபுக்கு எடுத்துப்போனேன். பெட்ரோல் பங்கில் அதே கிரேடில் ஒரு சின்ன டப்பாவும் வாங்கிக்கொண்டேன். ஒரே அளவு இரண்டு டெஸ்ட் ட்யூப். ஒன்றில் இது, ஒன்றில் அது. மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டுக் கார்க்கை அடைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் தலைகீழாகத் திருப்பினால் காற்றுக் குமிழி மேலே ஏறும். கெட்டியான எண்ணெயில் மெதுவாக ஏறும், நீர்த்துப்போன எண்ணெயில் ஓடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். பங்கில் வாங்கியதில் குமிழி யோசித்து யோசித்து ஏறியது. சித்தப்பா கொடுத்ததில் விருட்டென்று போய் முட்டியது. மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். பழைய ஆயிலைக் காய்ச்சி வடிகட்டிச் சாயம் சேர்த்து நல்ல டப்பாவில் அடைத்திருக்கிறார்கள். வெற்றி பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர், "அவனையும் யாராவது ஏமாத்தியிருப்பாங்க" என்றார். திங்கட்கிழமை லீவு போட்டு, காரை மெதுவாகச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் வடித்துவிட்டு வேறு ஆயில் மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

மறுநாள் ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. மாமல்லபுரத்தில் சித்தியின் அம்மா வீட்டிலிருந்து சித்தப்பா பேசினார். நாள் இன்னும் இருக்கும்போதே உன் சித்தி கலாவுக்கு வலி கண்டுவிட்டது, பக்கத்துக் கிளினிக்கில் பார்த்தவர்கள் குழந்தை திரும்பி இருக்கிறது, இங்கே முடியாது, நீங்கள் காட்டுகிற திருவான்மியூர் டாக்டரிடமே உடனே கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். "டாக்சி கிடைக்கலையா தம்பி?" என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழமை அண்ணி, இருக்கற வண்டி எல்லாம் டூருக்குப் போய்கீது. நானும் சுத்திட்டேன். நீ வா அண்ணி, சீக்கிரம் வா" என்றார். என் காரில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் வலியில் துடிக்கிற பெண்ணிடம் போய் ஆயில் சரியில்லை என்று சொல்ல முடியுமா? சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பின் சீட்டில் கலாவும் அவள் அம்மாவும். முன்னால் என் பக்கத்தில் சித்தப்பா. வெயில் ரோட்டில் கானலாக ஆடியது. கலா கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு முனகினாள். அவள் அம்மா, "வேகமாப் போம்மா, டீச்சரம்மா, என் பொண்ணு தாங்க மாட்டா, வேகமாப் போ" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். அப்போது உன் சித்தப்பா சொன்னார்: "மெதுவா போ அண்ணி."

நான் திரும்பிப் பார்த்தேன். பெண்டாட்டி வலியில் கத்துகிறாள், மாமியார் வேகமாகப் போ என்கிறாள், இந்த மனிதர் மெதுவாகப் போ என்கிறார். அவர் பின்னால் திரும்பிக் கலாவைப் பார்க்கவே இல்லை. அவர் கண் முழுக்க என் ஸ்டியரிங்குக்குப் பின்னால், டாஷ்போர்டில், ஆயில் விளக்கு எரிகிற இடத்தில் இருந்தது. அந்த விளக்கு இன்னும் எரியவில்லை. அது எரியப்போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவரை யாரும் ஏமாற்றவில்லை.

நெம்மேலி தாண்டியதும் எஞ்சினுக்குள் டொக் டொக்கென்று ஒரு சத்தம். விளக்கு எரிந்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், சத்தம் கூடியது. திருவிடந்தைக் கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய நறநறப்போடு கார் செத்து நின்றது. சித்தப்பா கதவைத் திறந்துகொண்டு நடு ரோட்டுக்கு ஓடி, வருகிற வண்டிக்கெல்லாம் இரண்டு கையையும் விரித்து நின்றார். டூரிஸ்ட் வேன்கள் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போயின. கடைசியில் ஐஸ் பெட்டி ஏற்றிய ஒரு மீன் வண்டிதான் நின்றது. டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்த பாத்துகினு நிக்கிற? அந்தம்மாவ முன்னாடி ஏத்து, ஏத்து! நாத்தம் அடிக்கும், கண்டுக்காத" என்று கத்தினார். கலாவையும் அவள் அம்மாவையும் முன்னால் ஏற்றினோம். சித்தப்பா பின்னால் பெட்டிகளுக்கு நடுவே தொற்றிக்கொண்டார். வண்டி கிளம்பியபோது அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காரை ரோட்டோரம் தள்ள உதவி செய்த கோயில் வாசல் பூக்கடைக்காரர்களிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்துச் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயிற்றைக் கிழித்து எடுத்திருந்தார்கள். பெண் குழந்தை. இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குழந்தையைப் பார்த்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். உன் சித்தப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க மீன் வாடை. நான் பக்கத்தில் போய் நின்றேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். "தெரியும் அண்ணி. டப்பா நல்ல டப்பாதான். உள்ள இருந்தது பழசு. மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தன் கொண்டாந்து போட்டுகினு இருந்தான். பாதிக் கடையில அதான் ஓடுது. வண்டி ஓடும், ஒண்ணும் ஆவாதுன்னான்."

"ஊருக்கு விற்றீர்கள், சரி. உங்கள் அண்ணன் காருக்கு ஏன் தம்பி?"

தலை நிமிராமல் சொன்னார்: "நல்ல டப்பா கைல இல்ல. அண்ணன் கேட்டுட்டாரு. இல்லன்னு சொல்லியிருந்தா, கடைல அடுக்கி வெச்சிகினு ஏன் இல்லன்றான்னு நீ கேப்ப. நீ கேட்டா புடிச்சிடுவ. அதான் குடுத்துட்டேன்."

இந்தப் பதிலை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் சந்தேகப்படுவேன் என்று பயந்து கலப்பட ஆயிலைக் கொடுத்தேன் என்கிறார். இதில் என் பங்கு என்ன என்று யோசித்தேன். ஒரு பங்கும் இல்லை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். உன் அப்பா அப்படி நினைக்கவில்லை. நீ உன் முடிவுக்கு வா.

காரைக் கயிறு கட்டி இழுத்துச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். எஞ்சினைப் பிரித்து, பேரிங் உருகி வழிந்திருப்பதை மேனேஜர் எனக்குக் காட்டினார். "அப்ரூவ் பண்ணாத ஆயில் மேடம். வாரண்டியில வராது" என்றார். அவரையும் நான் சும்மா விடவில்லை. எந்த ஆதாரத்தில் சொல்கிறீர்கள், என் கண் முன்னால் ஆயிலை எடுத்து மூடி முத்திரை வையுங்கள் என்று சண்டை போட்டேன். வைத்தார். பிறகு மெதுவாக ஒரு வழி சொன்னார். "போலி ஆயில்னு நீங்க எழுதிக் கொடுங்க மேடம். எந்தக் கடையில வாங்கினீங்கன்னு சொல்லுங்க. ஆயில் கம்பெனிக்காரங்க போலீசோட வந்து ரெய்டு பண்ணுவாங்க. உங்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்கவும் வாய்ப்பு இருக்கு." நல்லதுக்குத்தான் சொன்னாரா, தன் கையைவிட்டுப் பிரச்சினை போனால் போதும் என்று சொன்னாரா தெரியாது. ஆனால் அவர் சொன்னது நியாயம். நான் எழுதிக்கொடுத்திருந்தால் உன் சித்தப்பா கடைக்குப் பூட்டு விழுந்திருக்கும். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட வயிற்றோடு கலா. பக்கத்தில் பச்சைக் குழந்தை.

மேனேஜர் நீட்டிய பேனாவை எடுத்துக்கொள்ளாமல் அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா என் பக்கத்தில்தான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால், கோபத்தில் எழுதிக்கொடுத்திருப்பேனோ என்னவோ. "வாரண்டி வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். என்ன செலவானது என்று கேட்காதே. அடுத்த நாள் நேரே செங்கல்பட்டுக் கடைக்குப் போனேன். அந்தச் சரக்கில் மீதி இருந்த டப்பாக்களை எல்லாம் சித்தப்பா என் கண் முன்னால் கத்தியால் கிழித்தார். எண்ணெயைப் பீப்பாயில் ஊற்றிச் செங்கல் சூளைக்கு எரிக்கக் கொடுத்தோம். அதற்கு முன்னால் அவரிடம் வாங்கிப்போனவர்களின் வண்டிகள் எந்தெந்த ரோட்டில் நின்றன, உள்ளே யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. மீன் வண்டிக் கதைக்கு என்னால் சிரிக்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

அதற்கப்புறம் நான் அவரை நம்பினேனா என்று கேட்பாய். இல்லை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரையாவது அந்தக் கடைக்கு அனுப்பி ஒரு டப்பா வாங்கிவரச் செய்து, அதே டெஸ்ட் ட்யூப் சோதனையைச் செய்வேன். ஒவ்வொரு தடவையும் குமிழி மெதுவாகத்தான் ஏறியது. ஒரு தீபாவளிக்கு வந்தபோது சித்தப்பா என் காதோரம் குனிந்து, "போன மாசம் உங்க பி.டி. டீச்சர் வந்து வாங்கினு போனாரே அண்ணி, பாஸா?" என்று கேட்டார். பாஸ் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பரீட்சை எழுதிய பையன் மாதிரி முகம் மலர்ந்துபோனது. ரிட்டயர் ஆன பிறகும் நான் அதை நிறுத்தவில்லை. இப்போது அவர் கடையில் நல்ல சரக்குதான் இருக்கிறது, எனக்குத் தெரிந்தவரை. 'எனக்குத் தெரிந்தவரை' என்பதை இன்னொரு தடவை படி.

அதனால் சனிக்கிழமை இப்படிச் செய். காரோடு வந்த புத்தகத்தில் கார் கம்பெனி எந்த ஆயிலை ஏற்றுக்கொள்கிறது, வெளியே மாற்றினால் என்ன சொல்கிறது என்று முதலில் நீயே படி. உன் நண்பர்கள் சொல்வதைக் கேட்காதே, நான் சொல்வதையும் கேட்காதே, அதில் என்ன இருக்கிறது என்று பார். வாரண்டி முடியும்வரை சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுவதுதான் என் கட்சி. அங்கேயும் ஏசி அறையில் உட்கார்ந்து டீ குடிக்காமல் பக்கத்தில் போய் நில். இல்லை, சித்தப்பா ஆசையாகக் கொண்டுவருகிறார், மறுக்க முடியாது என்றால், அவர் எதிரிலேயே டப்பாவின் மூடியைத் திருப்பிப் பார், அடித் தாளைப் பார், மோந்து பார். பில்லையும் கேட்டு வாங்கிக்கொள். கூச்சப்படாதே. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அந்த ஆயிலை ஊற்றாதே.

இதுவரை எழுதியதை இப்போதுதான் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் உனக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இப்போது அவருக்கு எதிரில் நிற்பவர் முகம்கூடச் சரியாகத் தெரிவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அனுப்ப வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். முடித்ததும், "ஒண்ணு விட்டுட்ட" என்றார்.

"என்ன?" என்றேன்.

"அன்னைக்கு வேப்பமரத்தாண்ட அவன் அந்த டப்பாவ என் கைல குடுத்தான் இல்ல, அப்ப அவன் கை நடுங்கிச்சு. எனக்கு அப்ப பகல்ல நல்லாத் தெரியும். நான் பாத்தேன். நம்ம கண்ணுதான் சரியில்லன்னு எனக்கு நானே சொல்லிகினேன். அதையும் எழுது. புள்ளைக்குத் தெரியட்டும்."

எழுதிவிட்டேன்.

அம்மா